மாட்டுப்பட்டியில் நெருக்கடி நிலை

பாசிசம் என்னும் சொல்லை யாம் முதன்முதலாகச் செவியுற்றது ஒரு தேயிலைத் தோட்டத்தின் மஸ்டர் களத்தில். 1975ஆம் ஆண்டின் மழைக்காலம் அது. எமக்கு அப்போது பன்னிரண்டு வயது. மூணாற்றிலிருந்து ஜீப்பில் வந்திறங்கிய தலைவர் ஒருவர், கம்பளி போர்த்து நின்ற தொழிலாளர் முன்னே, நாட்டைப் பாசிசம் சூழ்ந்துவிட்டதென்றும், அதனிடமிருந்து மக்களாட்சியைக் காப்பதற்கே தில்லியில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதென்றும் அரைமணி நேரம் முழங்கினார். கூடியிருந்தோர் கைதட்டினர், யாமும் தட்டினோம். பாசிசம் என்பது இன்னதென்று அங்கு நின்றவருள் ஒருவருக்கும் தெரியாது. லயத்துக்குத் திரும்பும் வழியில் எம் அன்னையார், "அது தேயிலைக்கு வர்ற சீக்கா, மனுசனுக்கு வர்ற சீக்கா?" என்று எம் தந்தையாரைக் கேட்டார். கொப்புள நோய்க்கு மருந்தடிக்கும் பருவம் ஆதலால் அக்கேள்வியில் பிழையொன்றும் இல்லை. தந்தையார் விடை கூறவில்லை.

ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. மக்களாட்சியைப் பற்றி இம்மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு சங்கத்தார் பணித்தபோது, கற்றறிந்தோர் எழுதத்தக்க பொருளில் யாம் என்ன எழுதப் போகிறோம் என்றே முதலில் தயங்கினோம். ஆயினும் அண்மையில் பார்த்த ஒரு குறும்படம் எம்மை அந்த மஸ்டர் களத்துக்கே இழுத்துச் சென்றுவிட்டது. ஏழே நிமிடம் ஓடும் படம், 2017இல் வெளிவந்தது, ஆயின் அதிலுள்ள காட்சிகள் யாவும் 1939 பிப்ரவரி 20ஆம் நாள் இரவு நியூயார்க் நகரத்து மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் பிடிக்கப்பட்டவை. இருபதாயிரம் பேர் கூடியிருக்கின்றனர். மேடையில் முப்பதடி உயரத்துக்கு ஜார்ஜ் வாஷிங்டனின் உருவம் நிற்கிறது. அதன் இருபுறமும் அமெரிக்கக் கொடிகளும் சுவஸ்திகச் சின்னமும். அமெரிக்க விசுவாச உறுதிமொழியை அனைவரும் எழுந்து நின்று கூறுகின்றனர். அதன்பின் ஃபிரிட்ஸ் கூன் என்னும் தலைவர் பேசத் தொடங்குகிறார். உண்மையான அமெரிக்கர் கையில் அமெரிக்காவை மீட்டுத் தர வந்திருப்பதாகச் சொல்கிறார். இடையில் ஓர் இளைஞர் மேடைமேல் பாய்ந்து ஏறுகிறார். சீருடைக் காவலர் அவரைக் கீழே தள்ளி அடிக்கின்றனர். அவர் காற்சட்டை உருவப்படுகிறது. அந்த இளைஞரின் பெயர் ஐசடோர் கிரீன்பாம். குழாய் பழுதுபார்ப்பவரிடம் உதவியாளராக வேலை செய்த, இருபத்தாறு வயது யூதர். எம்மை உறங்கவிடாது செய்தது அவர் பட்ட அடியன்று. அதைக் கண்டு கூட்டத்தில் எழுந்த சிரிப்பே. நல்ல உடை உடுத்த, குடும்பத்தோடு வந்த, சாதாரண மக்களின் சிரிப்பு அது.

அவ்வரங்கில் அந்நிய நாட்டுத் தலைவனின் படத்தை மட்டும் மாட்டியிருந்தால் இருபதாயிரம் பேர் வந்திருக்க மாட்டார்கள். வாஷிங்டனின் படத்தை மாட்டினார்கள்; அவர் பிறந்தநாள் விழா என்று பெயரிட்டார்கள். எந்த நாட்டிலும் கொடுமை வரும்போது உள்ளூர் வேட்டியை உடுத்துக்கொண்டே வரும் போலும். சின்கிளேர் லூயிஸ் என்னும் நாவலாசிரியர் 1935இலேயே, 'இங்கே அது நிகழாது' என்று பொருள்படும் தலைப்பிட்டு, அமெரிக்காவில் அது எவ்வாறு நிகழும் என்பதை ஒரு நாவலாக எழுதிவிட்டார். அக்காலத்தில் கஃப்லின் என்னும் பாதிரியார் வானொலி வழியே எண்ணற்ற இல்லங்களில் வாரந்தோறும் யூத வெறுப்பை விதைத்து வந்தார். ஸ்மெட்லி பட்லர் என்னும் ஓய்வுபெற்ற படைத்தலைவர், அதிபர் ரூசுவெல்ட்டின் அதிகாரத்தைப் பறிக்கச் செல்வர் சிலர் தம்மை அணுகினர் என்று 1934இல் பிரதிநிதிகள் சபைக் குழுவொன்றின் முன் சாட்சி சொன்னார். குழு அவர் சொன்னதில் பெரும்பகுதிக்குச் சான்று உண்டென்று அறிக்கை தந்தது. எனினும் எவர் மீதும் வழக்கு நடைபெறவில்லை. கூனை வீழ்த்தியது கூடத் தத்துவப் போர் அன்று. தம் இயக்கத்தின் பணத்தையே கையாடினார் என்று 1939 டிசம்பரில் சிறைக்கு அனுப்பப்பட்டார். வரவு செலவு ஏட்டைப் புரட்டிய ஒரு கணக்கரின் பேனா அங்கே பெரும் பணி செய்தது என்பதில் எமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. எம் குடும்பத்தில் முதலில் எழுதப் படித்தவரும் கணக்கெழுதப் போனவரே.

இவ்வளவும் தொலைதூர நாட்டுக் கதைகள். இவற்றுக்கும் மாட்டுப்பட்டிக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் கேட்கலாம். எம் ஊரைச் சிறிது சொன்னால்தான் அது விளங்கும்.

மூணாற்றிலிருந்து குண்டளை செல்லும் வழியில் எட்டு மைல் அளவில், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது மாட்டுப்பட்டி. பெயரே மாடுகள் அடைந்த பட்டியைச் சொல்கிறது. 1963இல் சுவிட்சர்லாந்து நாட்டின் உதவியோடு கேரள அரசு அங்கே கலப்பினக் கால்நடைப் பண்ணை தொடங்கியபோது, பெயருக்கு ஏற்ற வேலை வந்ததென்று பெரியவர்கள் சிரித்தார்களாம். அணைக்கட்டும் ஏரியும் சுதந்திரத்துக்குப் பின் வந்தவை. இன்று ஏரியில் படகு விடுகிறார்கள். வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. எம் சிறுபருவத்தில் அங்கே மூடுபனியும் தேயிலையும் கிராண்டிஸ் மரங்களுமே இருந்தன. 1877இல் பூஞ்ஞாற்று அரச மரபினரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் குத்தகையாகப் பெற்ற மலைகள் அவை. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த எளியோரே அம்மலைகளைத் தேயிலைத் தோட்டங்களாக்கினர். 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது யாம் கேரளத்தவர் ஆனோம். பேச்சு தமிழ்; ரேஷன் அட்டை மலையாளம்; பெண் கொடுப்பதும் எடுப்பதும் போடிநாயக்கனூர்ப் பக்கம்.

தோட்டத்தில் ஓர் ஆட்சி உண்டு. அதற்கு மேலே துரை. அவருக்குக் கீழே சின்னதுரை. அவருக்கும் கீழே கண்டக்டர், சூப்பர்வைசர், கங்காணி. எம் பாட்டனார் காலத்தில் துரையின் குதிரை வரும் வழியில் குடை பிடித்து நடக்கக் கூடாது என்பார்கள். எம் தந்தையார் காலத்தில் குதிரை போய் மோட்டார் சைக்கிள் வந்தது, குடை பிடிக்கலாம். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் சங்கங்களும் வந்த பின்னர் மருத்துவமும் பள்ளியும் விடுப்பும் கிடைத்தன. ஆயினும் ஒன்று மாறவில்லை. குடியிருக்கும் லயம் வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் வீடும் போகும். ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெறுபவர், தம் பிள்ளை ஒருவரைத் தோட்ட வேலைக்கு விட்டால்தான் பிறந்த வீட்டில் இறக்கலாம். யாம் பிறந்த அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி; அதில் ஒரு செங்கல் கூட எம்முடையது அன்று.

இதை ஏன் விரித்துச் சொல்கிறோம் என்றால், நெருக்கடி நிலை வந்த செய்தி எம் லயத்தில் எவரையும் திடுக்கிடச் செய்யவில்லை என்பதை விளக்குவதற்காகவே. 1975 ஜூன் 25 நள்ளிரவுக்குச் சற்று முன்னர் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். மறுநாட் காலை வானொலியில் பிரதமர் பேசினார். கூட்டம் போடக் கூடாது, வேலைநிறுத்தம் கூடாது, மேலிடத்தைக் குறை சொல்லக் கூடாது என்றார்கள். எம் மக்களுக்கு இவற்றில் எது புதிது? மேலிடத்தைக் குறை சொல்லாமல் மூன்று தலைமுறை வாழ்ந்து பழகியவர்கள் அவர்கள். பழக்கம் என்பதைப் போல் கொடுங்கோன்மைக்கு உதவி செய்வது வேறொன்றில்லை என்று இன்று எமக்குத் தோன்றுகிறது. அன்று எமக்குத் தோன்றியதெல்லாம், பேருந்து நேரத்துக்கு வருகிறது என்பதுதான். உண்மையாகவே வந்தது. ரேஷன் கடையும் நேரத்துக்குத் திறந்தது. நல்லது நடந்ததை மறைத்துக் கட்டுரை எழுதக் கூடாது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் வலித்தது. 1975 செப்டம்பரில் வந்த அவசரச் சட்டமொன்று குறைந்த அளவு போனஸை நூற்றுக்கு 8.33 என்பதிலிருந்து நூற்றுக்கு 4 ஆகக் குறைத்தது. முன்னது ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். பின்னது அதிற் பாதிக்கும் சற்றுக் குறைவு. தீபாவளித் துணியும், போடியில் அடகு வைத்த கம்மலை மீட்பதும், மூத்தவள் கல்யாணக் கடனுக்கு வட்டியும் அந்த ஒரு மாதச் சம்பளத்தை நம்பியே இருந்தன. சங்கக் கூட்டம் போட்டுக் கேட்டிருக்க வேண்டிய செய்தி அது. கூட்டம் நடைபெறவில்லை. மஸ்டர் களத்தில் ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்த்தனர். கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேறினர்.

எம் தோட்டத்துப் பள்ளியில் ஒரு வாத்தியார் இருந்தார். பெயர் வேண்டியதில்லை. போடிப் பக்கத்துக்காரர், மணமாகாதவர், மாலையில் ஏரிக்கரைத் தேநீர்க் கடையில் அமர்ந்து பத்திரிகையை உரக்க வாசிப்பார். எழுத்தறியாத தொழிலாளர் சுற்றி அமர்ந்திருப்பர். வாசித்து முடித்தபின், "இதுக்கு என்ன அர்த்தம், சொல்லுங்க பாப்போம்" என்று கேட்பார். யாரேனும் ஒரு கிழவர் ஏதாவது சொல்வார், வாத்தியார் மறுப்பார், வேறொருவர் ஒத்துப் பேசுவார். பிற்காலத்தில் யாம் எத்தனையோ கருத்தரங்குகளைக் கண்டுள்ளோம். அந்தக் கடையில் இருந்த சூடு எங்கும் இருந்ததில்லை.

தணிக்கை வந்தபின் பத்திரிகையில் படிக்க ஒன்றும் இல்லாது போயிற்று. தில்லியில் அறிவிப்பு வந்த இரவே அச்சகங்களுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டதும், ஜூன் 28ஆம் நாள் இந்தியன் எக்ஸ்பிரஸ் தன் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டதும் யாம் பின்னர் அறிந்தவை. வாத்தியாரோ அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். பத்திரிகையை விரித்து, எல்லாத் தலைப்பையும் படித்துவிட்டு, "இன்னைக்கு இதுல இல்லாதது என்னென்ன?" என்று கேட்பார். மேலும், அவர் மாதம் ஒருமுறை போடிக்குப் போய் வருபவர். மலைக்குக் கீழே அப்போது வேறு காற்று வீசிற்று. தமிழ்நாட்டில் தி.மு.க. அரசு நெருக்கடி நிலையை ஏற்கவில்லை. அறிவிப்பு வந்த இரண்டாம் நாளே அக்கட்சியின் செயற்குழு அதனைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. வடநாட்டு எதிர்க்கட்சியினர் பலர் அங்கே ஒதுங்கியிருந்தனர். போடிமெட்டு என்னும் ஒரு சோதனைச் சாவடிக்கு இப்புறம் ஒரு நாடு, அப்புறம் ஒரு நாடு போல் ஏழு மாதம் இருந்தது. வாத்தியார் கீழே கேட்டதை மேலே சொல்வார். 1976 ஜனவரி 31ஆம் நாள் அவ்வரசு கலைக்கப்பட்டது. மிசாச் சட்டத்தில் கைதானவர்கள் சென்னை மத்திய சிறையில் அடிக்கப்பட்டனர். நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த சிட்டிபாபு அவ்வடியின் பின்விளைவால் 1977 தொடக்கத்தில் மாண்டார். நீதிபதி இஸ்மாயில் விசாரணைக் குழு பின்னர் அச்சிறைக் கொடுமைகளை ஆராய்ந்தது.

எம் வாத்தியாரை அழைத்துச் சென்றது அவ்வாண்டு மாசி மாதத்தில். சீருடை அணியாத இருவர் மாலையில் வந்தனர். ஒரு கையெழுத்துப் போடவேண்டும் என்றனர். அவர் பாதி குடித்த தேநீரைப் பலகையில் வைத்துவிட்டு எழுந்து போனார். பதினொன்றாம் நாள் திரும்பி வந்தார். நடையில் ஒரு வேறுபாடு இருந்தது. என்ன ஆயிற்று என்று எவரும் கேட்கவில்லை, அவரும் கூறவில்லை. சில நாள் கழித்து யாரோ வழக்கம்போல் பத்திரிகையை அவர் முன் நீட்டினர். அவர் அதை வாங்கி, ஏலக்காய் விலையையும் மூணாற்றுக் கொட்டகையில் ஓடும் படத்தின் பெயரையும் படித்துவிட்டு மடித்து வைத்தார். அடுத்த பள்ளியாண்டு தொடங்குமுன் மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

அந்தத் திங்களிலேதான், 1976 மார்ச்சு முதல் நாள், கோழிக்கோடு மண்டலப் பொறியியற் கல்லூரி மாணவர் ராஜனைக் காவற்படையினர் பிடித்துக் கக்கயம் முகாமுக்குக் கொண்டு சென்றனர். அவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவர் தந்தை ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர், மகனைத் தேடி அமைச்சர் இல்லங்களுக்கும் காவல் அலுவலகங்களுக்கும் ஓராண்டு அலைந்தார். யாம் அப்பெயரை அன்று அறியோம். அறிந்திருக்க வழியில்லை, பத்திரிகையில் இல்லாத செய்திகளுள் அதுவும் ஒன்று.

நீதிமன்றம் இருந்ததே என்பார் உண்டு. இருந்தது. காரணமின்றிச் சிறைப்பட்டோர் ஆட்கொணர்வு மனுச் செய்யலாம் என்று ஒன்பது உயர்நீதிமன்றங்கள் கூறியிருந்தன. 1976 ஏப்ரல் 28ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஐவர் ஆயம், நால்வர் ஒருபுறமும் ஒருவர் ஒருபுறமுமாக நின்று, நெருக்கடி நிலையில் அவ்வுரிமை இல்லையென்று தீர்ப்பளித்தது. சட்டத்துக்குப் புறம்பாக ஒருவரின் உயிரையே பறித்தாலும் கேட்க இடமில்லையா என்று வினவியபோது, இல்லையென்பதே அரசு வழக்கறிஞரின் விடையாயிருந்தது. மாறுபட்டு நின்றவர் நீதிபதி எச். ஆர். கன்னா. அடுத்த ஜனவரியில் அவருக்கு இளையவர் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். கன்னா பதவியைத் துறந்து வெளியேறினார்.

இங்கே மீண்டும் அமெரிக்கா நினைவுக்கு வருகிறது; கூனும் கஃப்லினும் அல்லர், அவர்களை எதிர்த்து நின்ற ரூசுவெல்ட்டே நினைவுக்கு வருகிறார். பாசிசத்தை எதிர்த்துப் போர் தொடுத்த அவரே 1942 பிப்ரவரி 19ஆம் நாள் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அதன் விளைவாக ஜப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேர், அவருள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிகள், வீடும் கடையும் விட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டனர். 1944 டிசம்பரில் அந்நாட்டு உச்சநீதிமன்றமும் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவ்வெளியேற்றம் சரியென்றது. 1988இல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்க்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுத்தது. தீர்ப்பைத் தவறென்று அந்த நீதிமன்றமே சொல்ல 2018 ஆயிற்று. நம் உச்சநீதிமன்றம் சற்று முந்திக்கொண்டது: 2017இல் ஒன்பது நீதிபதிகள் கூடிய வழக்கில் 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு தவறென்று ஒதுக்கப்பட்டது. அதனை எழுதிய நீதிபதி டி. ஒய். சந்திரசூட்டின் தந்தையார், 1976இல் பெரும்பான்மையோடு நின்ற நால்வருள் ஒருவர். தந்தை எழுதியதைத் தவறென மகன் எழுத வேண்டியிருந்தது. இச்செய்தியைப் படித்தபோது யாம் பத்திரிகையை நெடுநேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தோம். காரணம் பின்னர் சொல்கிறோம்.

இந்திரா அம்மையார் நடத்தியது பாசிசமா என்று எம்மைக் கேட்டால், அல்ல என்றே கூறுவோம். சொற்களை அளந்து பயன்படுத்த வேண்டும். 1977 ஜனவரியில் தாமே தேர்தலை அறிவித்தார், மார்ச்சில் தோற்றார், 21ஆம் நாள் நெருக்கடி நிலை நீங்கியது, ஆட்சியை ஒப்படைத்து வீட்டுக்குப் போனார். இட்லரும் முசோலினியும் செய்யாத செயல் அது. ஆயினும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் விசாரணையின்றிச் சிறையிலிருந்ததும், 1976-77 ஓராண்டில் மட்டும் 81 லட்சம் பேருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டதும், அவற்றுள் எத்தனையோ வலிந்து செய்யப்பட்டதும் அவ்வாட்சியிலேதான். வேதனை என்னவெனில், இவையனைத்தும் 'பாசிச எதிர்ப்பு' என்னும் பெயரால் ஆதரிக்கப்பட்டன. ஜெயப்பிரகாசரின் இயக்கமே பாசிசம் என்று மேடைதோறும் கூறப்பட்டது. எம் மஸ்டர் களத்தில் முழங்கிய தலைவர் பொய்யர் அல்லர்; அவர் உண்மையாகவே அதை நம்பினார் என்றே கருதுகிறோம். காக்க வந்தோம் என்பவர் கையில்தான் பூட்டும் சாவியும் இருந்தன.

தேர்தலில் நாடு அவரைத் தோற்கடித்தது என்று வரலாற்று நூல்கள் எழுதும். உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பீகாரின் 54 தொகுதிகளிலும் காங்கிரசுக்கு ஒன்றுகூடக் கிட்டவில்லை என்பது மெய்யே. ஆனால் அந்நாட்டுக்குள் நாம் இல்லை. எழுத்தறிவில் இந்தியாவிலேயே முன்னின்ற கேரளம், நெருக்கடி நிலையை நடத்திய அணிக்கே 20 மக்களவைத் தொகுதிகளையும், சட்டமன்றத்தின் 140இல் 111 இடங்களையும் அள்ளிக் கொடுத்தது. கீழே தமிழ்நாட்டில் 39இல் 34 தொகுதிகள் காங்கிரசோடு நின்ற அணிக்கே. எம் இடுக்கித் தொகுதியும் அவ்வாறே. எம் தந்தையாரும் அன்னையாரும் அதற்கே வாக்களித்தனர். விரலில் மையோடு வந்த அன்னையார், "பஸ்ஸு நேரத்துக்கு வருதுல்ல" என்றார். வடநாட்டில் அறுவைக் கத்தியும் இடிக்கும் இயந்திரமும் வீட்டு வாசலுக்கே வந்தன. எம் வாசலுக்கு வரவில்லை. அண்டை வீட்டு வாசலுக்கு வந்ததை அறிய எமக்கு வழியுமில்லை. போனஸ் குறைந்ததையும் இதையும் இணைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்த ஒருவர் ஊரைவிட்டுப் போயிருந்தார்.

வாக்கெண்ணிக்கை முடிந்த சில நாளில், ஈச்சர வாரியர் கேரள உயர்நீதிமன்றத்தில் மகனைக் கொணருமாறு மனுச் செய்தார். ஏப்ரல் 13ஆம் நாள் நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றியும் காலித்தும், ராஜனைக் காவலர் பிடித்துச் சென்றது உண்மையே என்றும், அவரை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டுமென்றும் கூறினர். பதவியேற்று ஒரு மாதமே ஆன முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகினார். ஒரு தந்தையின் ஒற்றை மனு, வாக்குச் சீட்டுகளின் மலையைவிட அன்று கனத்தது. அடுத்த ஆண்டு வந்த 44ஆம் அரசியற் சட்டத் திருத்தம், 'உட்குழப்பம்' என்று சொல்லி நெருக்கடி நிலை அறிவிக்கும் வழியை அடைத்து, ஆயுதம் ஏந்திய கலகம் இருந்தால் மட்டுமே என்று ஆக்கிற்று. உயிர் வாழும் உரிமையை எந்நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது என்றும் எழுதிற்று. வாரியர் தம் நினைவுகளை மலையாளத்தில் நூலாக எழுதினார். 2006இல் மறைந்தார், மகனின் உடலைக் காணாமலேயே.

1998இல் எம் தந்தையார் நோயுற்றிருந்தார். தேயிலைத் தூசி படிந்த நெஞ்சு, இரவெல்லாம் இருமல். ஓரிரவு, கேளாமலே சொன்னார். மாசி மாதத்துக்குச் சிலநாள் முன்னர் அவரை அலுவலகத்துக்கு அழைத்தார்களாம். கடையில் பத்திரிகை படிப்பவர் யார் என்று கேட்டார்களாம். கேட்டவரை அவர் முன்பின் கண்டதில்லை. "ஒரு பேருதான் கேட்டாங்க, ஒரு பேருதான் சொன்னேன். சொல்லலைன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்களோன்னு இருந்துச்சு. நீங்க அஞ்சு பேரு," என்றார். வீட்டைக் காலி செய்யச் சொல்லுவோம் என்று எவரேனும் அவரை மிரட்டினாரா என்று கேட்டோம். இல்லையாம். அவருக்கே தோன்றிற்றாம்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஃபயட் என்றொரு வட்டாரம் உண்டு. 1960இல் அங்கே வாரத்துக்கு உழுத கறுப்பின மக்கள், வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்ததற்காக நிலக்கிழார்களால் குடிசைகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். குளிர்காலத்தில் வெட்டவெளியில் கூடாரம் அடித்துத் தங்கினர். அக்கூடாரங்களின் படத்தை ஒரு நூலில் கண்டபோது, எம் தந்தையாருக்குத் 'தோன்றியது' எங்கிருந்து வந்ததென்று எமக்கு விளங்கிற்று. கூன் மேடையிட்டதற்கு முன்பும் பின்பும், அந்நாட்டின் தெற்குப் பகுதியில் கறுப்பினத்தவர்க்கு மக்களாட்சி என்பதே இல்லை. இட்லரின் சட்ட வல்லுநர்கள் 1934இல் இனச் சட்டம் வகுக்க அமர்ந்தபோது அமெரிக்க மாநிலங்களின் சட்டங்களையே எடுத்து வைத்துப் படித்தனர். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை தேர்தல் நடந்தது, நீதிமன்றம் நடந்தது, பத்திரிகை வெளிவந்தது; வாக்களிக்கப் போனவனுக்கு வீடு இல்லை. தலைக்கு மேலுள்ள கூரை பிறர் கையில் இருக்கும்போது நாவும் பிறர் கையில்தான் இருக்கும். சட்டத் திருத்தங்கள் எத்தனையோ வந்தன. லயத்துக்கும் வேலைக்கும் உள்ள முடிச்சை இன்னும் ஒருவரும் அவிழ்க்கவில்லை. 2015இல் மூணாற்றுப் பெண்கள், போனஸ் குறைந்ததற்காக, சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, 'பெண்கள் ஒற்றுமை' என்று பெயரிட்டுச் சாலையில் அமர்ந்தார்களே, அப்போது யாமும் போய் ஓரமாக நின்று பார்த்தோம். எம் அன்னையார் 1975இல் கேட்காத கேள்வியை அவர் பேத்தி வயதுப் பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தனர். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண்சரிந்து எழுபது உயிர்கள் போயின; அவர்கள் உறங்கியதும் லயங்களிலேதான்.

தந்தையார் சொன்ன மறுவாரம் யாம் போடிக்குப் போனோம். வாத்தியார் ஓய்வு பெற்று, தம்பி வீட்டு மாடியில் தனி அறையில் இருந்தார். எம்மை உடனே அடையாளம் கண்டுகொண்டார். சொல்ல வந்ததைச் சொல்ல ஒரு நாழிகை ஆயிற்று. அவர் குறுக்கிடாமல் கேட்டார். "தெரியும்பா. அங்க வச்சே சொன்னாங்க, யாரு சொன்னாங்கன்னு. அதுக்காகவே சொல்லுவாங்க," என்றார். இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் அதனை அறிந்தே இருந்தார். மாற்றல் வாங்கிப் போனது ஏனென்று கேட்கவில்லை, விளங்கிவிட்டது. எம் வீட்டு வாசல் வழியாகவே அவர் பள்ளிக்கு நடக்க வேண்டும்.

பேச்சு அங்கே நின்றது. மேசைமேல் அன்றைய பத்திரிகை கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை. கீழிறங்கி மூணாற்றுப் பேருந்து நிற்கும் இடம் வரை மெல்ல உடன் நடந்து வந்தார். அந்த நடை இன்னும் சரியாகியிருக்கவில்லை. வண்டி புறப்படும்போது சன்னல் பக்கமாக வந்து, "அப்பாவுக்கு ராத்திரி இருமல் எப்படி இருக்கு? துளசியும் சித்தரத்தையும் போட்டுக் கசாயம் வச்சுக் குடுக்கச் சொல்லு," என்றார்.